முதல் சொல்லை விழுங்கும் பெட்டி

செய்தி முதலில் பெயர் இல்லாமல்தான் வந்தது.

அக்கரைப்பற்றிலிருந்து கல்முனைக்குப் போகும் பஸ். காரைதீவுச் சந்தி நெருங்கிக்கொண்டிருந்தது. காலை பத்து மணி இருக்கும். என் சட்டைப் பையில் தீப்பெட்டி அளவில் ஒரு புளூடூத் பெட்டி. அதிலிருந்து காதுக்கு வயர். சப்ரியிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்திருந்தது. அழுத்தினேன்.

"...காக்கா மௌத்தாயிட்டாரு. அஸருக்குப் பிறகு அடக்கம். சாய்ந்தமருது மையவாடி."

எங்கள் பக்கத்தில் வயதில் மூத்த ஆண்கள் எல்லோரும் காக்காதான். அந்தச் சொல்லுக்குள் ஒரு ஊர் அடங்கும். மனதுக்குள் நாலைந்து பேரை நிறுத்திப் பார்த்தேன். நஜீம் காக்காவை நிறுத்தவில்லை. அவருடைய கடைக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். சப்ரி அவருடைய மனைவியின் தம்பி என்பதும் அந்த நேரம் நினைவில் இல்லை.

இரண்டாம் தரம் அழுத்தினேன். இப்போது பெட்டி விழித்திருந்தது.

"நஜீம் காக்கா மௌத்தாயிட்டாரு."

இன்னாலில்லாஹி சொன்னேன். பக்கத்தில் இருந்தவர் திரும்பினார்.

"ஆரு தம்பி?"

"தெரிஞ்ச ஒராள்."

அந்தப் பதில் போதாது என்று அப்போதே தெரிந்தது. அதற்காகவும் இதை எழுதுகிறேன்.

பெட்டி முதல் சொல்லை விழுங்குவது ஏன் என்று எனக்கு விளக்கியவர் நஜீம் காக்கா. அவருடைய பெயரையும் அது விழுங்கியது. இதில் நான் பொருள் ஒன்றும் தேடவில்லை. பெட்டி அப்படித்தான் வேலை செய்கிறது.

*

கடையை அறிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அறியாதவர்களுக்கு: கல்முனைக் கடைத்தெருவில் எட்டடி அகலக் கடை. முன்னால் போன் உறைகள், சார்ஜர்கள், திரைக்கு ஒட்டும் கண்ணாடிகள். வருமானம் அதில். பின்னால் ஒரு கண்ணாடி அலுமாரி. அவர் அதில்.

அலுமாரியில் இந்தப் பெட்டிகள் இருந்தன. புதிய போன்களில் ஹெட்போன் வயரைச் செருகும் ஓட்டை இல்லாமல் போனது. நல்ல வயர் ஹெட்போன் வைத்திருந்தவர்கள் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்கள். பெட்டி அவர்களுக்கு. போன் சத்தத்தைக் காற்றில் அனுப்பும். பெட்டி அதைப் பிடிக்கும், பெருக்கும், வயருக்குக் கொடுக்கும். சட்டைப் பையில் கிடக்கும்.

அவர் கேட்பார், நான் எழுதுவேன். எங்கள் உறவு அவ்வளவுதான். நான் பல்கலைக்கழகத்தில் தமிழ் முடித்துவிட்டு நியமனத்துக்காகக் காத்திருந்தேன். அவர் கடையின் பெயரில் இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கியிருந்தார். ஒவ்வொரு பெட்டியும் எப்படி ஒலிக்கிறது என்று தமிழில் சொல்ல வேண்டும் என்றார்.

"இங்கிலீசில எல்லாம் இரிக்கி. எங்கட ஆக்களுக்கு எங்கட பாஷையில ஒண்டும் இல்ல. நீங்க எழுத்தாளர்தானே?"

அதுவரை என் கவிதைகள் இரண்டு மட்டும் அச்சில் வந்திருந்தன. அவர் 'எழுத்தாளர்' என்றது கேலி. கடைசி வரை அப்படியே கூப்பிட்டார். சில நாட்களில் அதில் கேலி இருந்ததா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

முதல் குறிப்பில், 'கடலைப் போன்ற ஆழமான ஒலி' என்று எழுதினேன். அவர் வாசித்தார். தாளைத் திருப்பித் தந்தார்.

"எழுத்தாளரே, கடல் இந்தா, கொஞ்ச நடை. போய்க் கேட்டுட்டு வாங்க. இந்தப் பொட்டி மாதிரியா இரிக்கி?"

போனேன். கரையில் கால் மணி நேரம் நின்றேன். வள்ளங்கள் இழுத்துப் போடப்பட்டிருந்தன. அலை மணலில் உடையும்போது மேலே சீறியது. அடியில் பெரிதாக ஒன்றும் இல்லை. திரும்பி வந்து வரியை வெட்டினேன்.

"என்னவாம் கடல்?" என்றார்.

"ஆழம் கேக்கல்ல."

"அப்ப சரி."

*

அவர் பாட்டுப் போட்டுச் சோதிப்பதில்லை. பாட்டில் ஏமாற்று அதிகம் என்பார். பிடித்த பாட்டு எதில் கேட்டாலும் நன்றாகத்தான் இருக்குமாம். அவரிடம் இருந்தது ஒரு பதிவு. பக்கத்து ஹோட்டலில் கொத்து ரொட்டி போடும் சத்தம். சூடான இரும்புத் தட்டில் இரண்டு தகடுகள் மாறி மாறி விழும். நாற்பது செக்கன். இடையில் ஒருவர், "முட்டை ரெண்டு!" என்று கத்துவார்.

ஒவ்வொரு புதுப் பெட்டியிலும் அந்த நாற்பது செக்கனைக் கேட்டார். இரும்பு இரும்பில் விழும் முனை தெரிய வேண்டும். நல்ல பெட்டியில் தெரியும். மோசமான பெட்டியில் யாரோ ஈரச் சாரனைத் துவைக்கும் கல்லில் அடிப்பதுபோல் இருக்கும்.

காற்றில் போகும் சத்தம் ஏன் குறைகிறது என்று நான் கேட்டேன். சுருக்குதல், பொதிதல், பரப்புதல் என்று ஏதாவது சொல்வார் என்று பேனையை எடுத்தேன்.

"காத்தில அனுப்புற பாதை ஒடுக்கம். அதால போன் சத்தத்த மடிச்சு அனுப்புது. பொட்டி விரிக்கிது. மடிச்சு வைச்ச சாரன விரிச்சா மடிப்புக் கோடு தெரியும்தானே? அதுதான் நமக்குக் கேக்கிற குறை. நல்ல பொட்டியில கோடு மெல்லிசு. கோடு இல்லாத பொட்டி இன்னும் வரல்ல."

நான் ஒரு சொல்லையும் மாற்றாமல் எழுதிய குறிப்பு அது.

*

ஒருநாள் அட்டாளைச்சேனையிலிருந்து ஒரு மௌலவி வந்தார். பஸ்ஸில் போகும்போது ஓதல் பாடங்களைக் கேட்க ஒரு பெட்டி வேண்டும் என்றார். நஜீம் காக்கா இரண்டை எடுத்து வைத்தார். மௌலவி கண்ணை மூடிக்கொண்டு முதலாவதைக் கேட்டார். நெற்றி சுருங்கியது.

"இதுல ஸீனும் ஸாதும் ஒண்டாக் கேக்குது."

ஸீன், ஸாத் இரண்டும் அறபில் வெவ்வேறு எழுத்துகள். எங்கள் காதுக்கு இரண்டும் 'ஸ' போலத்தான். ஓதுகிறவருக்கு அந்த வேறுபாடு விளையாட்டல்ல. எழுத்து மாறினால் பொருள் மாறும்.

இரண்டாவதைக் கேட்டார். "இதுல வேற வேறயா இரிக்கி. ஆனா ஸீன் கொஞ்சம் நாக்கு வீங்கின மாதிரி."

நஜீம் காக்கா என்னைப் பார்த்த பார்வை நினைவில் இருக்கிறது. "எழுதுங்க எழுத்தாளரே. நாக்கு வீங்கின மாதிரி. நாலு வருசம் படிச்சீங்களே, இப்பிடி ஒரு சொல் வந்திச்சா?"

முதலாவது பெட்டியில் அன்றே ஒரு துண்டுக் கடதாசி ஒட்டினார்: 'ஓதலுக்கு வேண்டாம். பாட்டுக்கு மட்டும்.'

மௌலவி அதை வாசித்துவிட்டுச் சொன்னார், "அப்ப பாட்டுக் கேக்கிறவனுக்கு இங்கயே தண்டனையா?"

மூன்று பேரும் சிரித்தோம். நஜீம் காக்கா அதிகம் சிரிக்காத மனிதர். அன்று சிரித்தார்.

*

இனி என் மூத்த சகோதரி, ராத்தாவின் விடயம். அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது, ஆனா கூட்டாத" என்றாள்.

சபானா ராத்தா கணிதம் படிப்பிக்கிறாள். தேவைக்கு மேல் ஒரு சொல் செலவழிக்க மாட்டாள். அவளுக்கு ஒரு கலியாணப் பேச்சு வந்தது. மாப்பிள்ளை இஜாஸ், நிந்தவூர், கத்தாரில் வேலை. ஒரு தரம் வீட்டுக்கு வந்தார்கள். சுற்றி இருந்த பத்துப் பேர் கதைத்தார்கள், அவர்கள் இரண்டு பேரும் கதைக்கவில்லை. இஜாஸ் நஜீம் காக்காவின் வாடிக்கையாளர் என்பது எனக்குத் தெரியும். லீவு முடிந்து போகும்போது ஒரு பெட்டி வாங்கிப் போயிருந்தார். அவருக்கென்று பார்த்துத் தெரிந்தெடுத்துக் கொடுத்தவர் நஜீம் காக்கா.

கத்தாரிலிருந்து இஜாஸ் ஒன்று கேட்டார். அவளுக்கு விருப்பமா என்று அவளுடைய வாயாலேயே கேட்க வேண்டும்.

உம்மாவுக்கு விளங்கவில்லை. "பொம்புளப் புள்ள பேசாம இரிந்தா சம்மதம் எண்டுதானே? இதென்ன புதுசா?"

வாப்பா சொன்னார், "கேக்கிறான். சொல்லட்டும்."

இஜாஸ் அவளுக்கு எழுதினார்: உங்களுக்கு இதில் விருப்பமா? எழுத வேண்டாம், குரலில் சொல்லுங்கள்.

ராத்தா பின்னறைக்குப் போனாள். கதவைச் சாத்தினாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே வந்தாள்.

"என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"கேட்டதுக்குப் பதில்."

நான்கு நாட்கள் ஒன்றும் வரவில்லை. ஐந்தாம் நாள் இஜாஸின் உம்மா வந்தார். தேத்தண்ணீரைத் தொடவில்லை.

"மகனுக்கு விருப்பம்தான். உங்கட புள்ளைக்குத்தான் விருப்பமில்ல போல. ஒண்டும் சொல்லாம வெறும் வொய்ஸ் ஒண்டு அனுப்பியிரிக்காவாம். கட்டாயப்படுத்தி ஒரு புள்ளயக் கட்டிவர மாட்டன் எண்டு சொல்றான்."

உம்மாவின் முகம் மலர்ந்தது. "அதத்தானே நானும் சொன்னன்! பேசாம இரிந்தா சம்மதம்."

ஒரே மௌனம். ஒரு தாய்க்கு அது ஆம், மற்றத் தாய்க்கு இல்லை. ராத்தா கதவுநிலையில் நின்றாள்.

"நான் சொன்னன்."

எல்லோரும் திரும்பினார்கள்.

"என்ன சொன்ன?"

"ஓம் எண்டு சொன்னன்."

"அப்ப ஏன் அவனுக்குக் கேக்கல்ல? மெதுவாச் சொல்லியிரிப்ப," என்றார் உம்மா.

ராத்தா போனை எடுத்து என் கையில் தந்தாள். காதில் வைத்துக் கேட்டேன். இருந்தது. தெளிவாக, வகுப்பில் விடை சொல்வதுபோல், 'ஓம்'. வேறொன்றும் இல்லை. ஒரு செக்கன் பதிவு.

"திரும்ப ஒருக்கா அனுப்பு," என்றேன்.

"மாட்டன். ஒருக்காச் சொன்னது சொன்னதுதான். கேக்காதவனுக்குப் பின்னால திரிஞ்சு ரெண்டாந்தரம் சொல்ல எனக்கு ஏலாது. நீயும் அனுப்பாத."

அவள் அப்படித்தான். இஜாஸின் உம்மா எழும்பிப் போனார். நான் வாசல் கேற் வரை கூடப் போய் ஏதோ சொல்லிப் பார்த்தேன். "பார்ப்பம் மகன்," என்றார். அந்தச் சொல்லுக்கு எங்கள் ஊரில் 'இல்லை' என்றுதான் பொருள்.

*

அன்று பின்னேரம் கடைக்குப் போனேன். எழுத வேண்டிய ஒரு குறிப்பு மிச்சம் இருந்தது. எழுத வரவில்லை. ஏன் என்று கேட்டார். சொன்னேன். தீர்வு கேட்டுச் சொல்லவில்லை.

அவர் கையிலிருந்த ஹெட்போனைக் கீழே வைத்தார்.

"எத்தின செக்கன்?"

"ஒண்டு."

"பொட்டியிலயா கேட்டிரிப்பான்?"

"வேற எதுல? எந்த நேரமும் அது காதுலதான்."

"என்ட பொட்டிதான் திண்டிரிக்கி," என்றார்.

அப்போதுதான் விளக்கினார். சத்தம் ஒன்றும் வராதபோது பெட்டி உறங்கிவிடும். பற்றரி மிச்சம் பிடிக்க அப்படிச் செய்திருக்கிறார்கள். சத்தம் வந்ததும் விழிக்கும். விழிக்க அரைச் செக்கனோ கொஞ்சம் கூடவோ எடுக்கும். அதற்குள் வந்தது போனதுதான். நீளமான பாட்டில் தாளத்தின் முதல் தட்டுப் போனால் யாருக்கும் தெரியாது.

போனை எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டார். கத்தாரில் இஜாஸ் வேலை இடைவேளையில் இருந்தார்.

"நான் தந்த பொட்டி இன்னும் பாவிக்கிறியா?"

"ஓம் காக்கா. நல்லா இரிக்கி."

"நல்லா இல்ல. உனக்கு ஒரு வொய்ஸ் வந்திச்சி. ஒரு செக்கன். என்ன கேட்டிச்சி?"

"ஒண்டும் கேக்கல்ல. உங்களுக்கு ஆரு சொன்ன?"

"அத விடு. எத்தின தரம் கேட்ட?"

"ஒருக்கா."

"ஏன் ஒருக்கா?"

"ஒண்டுமில்லாதத திரும்ப என்னத்துக்குக் கேக்கிற, காக்கா?"

நஜீம் காக்கா என்னைப் பார்த்தார். இரண்டாம் தரம் அழுத்தியிருந்தால் பெட்டி விழித்திருக்கும். சொல் முழுதாக வந்திருக்கும். ஆனால் மௌனத்தை யார் இரண்டாம் தரம் கேட்பார்?

"இப்ப நான் சொல்றதச் செய். புளூடூத்த நிப்பாட்டு. வயர், கியர் எல்லாத்தையும் கழட்டு. போனக் காதுல வைச்சுக் கேளு."

"காதுலயா?"

"ஓம்டா. போன் எண்டா காதுல வைக்கிற சாமான். எல்லாரும் மறந்திட்டீங்களா?"

அழைப்பை வெட்டாமலே கேட்டார்போல. பின்னால் பாத்திரங்கள் மோதும் சத்தம். யாரோ இந்தியில் கூப்பிட்டார்கள். இஜாஸ் திரும்பி வந்தபோது குரல் மாறியிருந்தது.

"காக்கா, நான் பிறகு எடுக்கிறன்."

நஜீம் காக்கா முகத்தில் வெற்றி ஏதும் இல்லை.

"என்ட பிழை," என்றார்.

"பொட்டி செஞ்சவன்ட பிழை. உங்கட பிழை எப்பிடி?"

"தெரிஞ்செடுத்துத் தந்தது நான். பாட்டில ஒரு தட்டுப் போனா என்ன எண்டு விட்டன். ஆக்கள் ஒரு சொல்லில கதைப்பாங்க எண்டு நினைக்கல்ல. எங்கட 'ஓம்' அரைச் செக்கனும் இல்லையே."

*

கலியாணம் நடந்தது. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சாப்பாட்டுக்குப் பிறகு நஜீம் காக்கா ராத்தாவிடம் வந்து, "இனிமேலாவது ரெண்டு மூண்டு சொல் சேர்த்துச் சொல்லுங்க தங்கச்சி," என்றார்.

"ஒரு சொல்லே காணும். நீங்க உங்கட பொட்டியத் திருத்துங்க."

அவர் தலையாட்டினார். அது கேலி என்றுதான் நான் நினைத்தேன். அடுத்த நாள் காலையில் எனக்கு அழைப்பு வந்தது. அலுமாரியில் இருந்த எல்லாப் பெட்டிகளும் மேசையில் இருந்தன. ஒவ்வொன்றையும் உறங்க விட்டு, 'ஒண்டு, ரெண்டு, மூண்டு' என்று பதிந்த ஒன்றைப் போட்டுப் பார்த்தோம். ஒன்று 'ஒண்டு' முழுவதையும் தின்றது. இன்னொன்று 'ரெண்டு' வரை தின்றது. ஒரேயொரு பெட்டி 'ஒ' மட்டும் தின்றது.

அன்றிலிருந்து எங்கள் குறிப்புகள் எல்லாம் அந்தத் தகவலோடு தொடங்கின. 'இது முதல் சொல்லை விழுங்கும்.' அதன் கீழே எவ்வளவு என்று. பிறகுதான் நல்லது எல்லாம். முதல் வரியிலேயே இப்படிப் போட்டால் யார் வாங்குவார்கள் என்று நான் வாதாடினேன்.

"தெரிஞ்சு வாங்கட்டும்."

"கடைசியில போடுவம்."

"கடைசி வரைக்கும் ஆரு வாசிக்கிற? உங்கட கவிதையா?"

இன்னொன்றும் அப்போதுதான் தொடங்கியது. அவருடைய குரல் பதிவுகளின் முன்னால் ஒரு வீண் சொல். பெட்டி விழிக்கும்வரை அது விழுங்க ஏதாவது கொடுக்க வேண்டும். பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்கலாமே என்றேன்.

"அத வாய்க்குள்ள சொல்லிட்டுத்தான் அழுத்துறன். அதப் போய்ப் பொட்டிக்குத் தின்னக் குடுக்கிறதா? ஸலாமும் அப்பிடித்தான். பெறுமதியில்லாத ஒண்டு வேணும்."

யோசித்தார். "சும்மா," என்றார்.

அதுவே நின்றது. 'சும்மா. கடைக்கு வாறீங்களா?' 'சும்மா. புதுப் பொட்டி வந்திரிக்கி.' 'சும்மா. இண்டைக்கு வேணாம், மழை.' பெட்டியில் கேட்பவர்களுக்கு அந்தச் சொல் வராது. செய்தி மட்டும் முழுதாக வரும். அவர் நினைத்ததும் அதுதான்.

'சும்மா' பெறுமதியில்லாத சொல் அல்ல, தமிழில் அதற்கு எத்தனையோ பொருள் என்று நான் ஒரு நீண்ட விளக்கம் கொடுத்தேன். முழுவதையும் கேட்டார்.

"இதத்தான் எழுத்தாளர்ட வியாதி எண்டுறது," என்றார்.

*

பஸ்ஸில் செய்தி வந்த அன்று காலையில் நஜீம் காக்கா நெஞ்சு நோவு என்றாராம். வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும் வழியில் முடிந்துவிட்டது. நாற்பத்தொரு வயது. மனைவி, இரண்டு மகள்கள்.

சாய்ந்தமருதில் இறங்கியபோது பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டிருந்தார்கள். அது வயரில் இயங்குவது. பெயர் முதல் எழுத்திலிருந்து வந்தது.

அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கினோம். மையவாடியில் கடற்காற்று இருந்தது. நான் மூன்று பிடி மண் போட்டேன். அட்டாளைச்சேனை மௌலவியும் வந்திருந்தார். என்னை அடையாளம் கண்டார்.

அடக்கம் முடிந்து கல்முனைக் கடைத்தெருவுக்குப் போனேன். கடைக் கதவு இறக்கியிருந்தது. பக்கத்து ஹோட்டலில் கொத்து தொடங்கிவிட்டது. நின்று கேட்டேன். இரும்பின் முனை தெரிந்தது. மடிப்புக் கோடு இல்லை.

ராத்தா இப்போது கத்தாரில். மையவாடிக்குப் போகும் முன்பே அவளுக்கு எழுதியிருந்தேன்: நஜீம் காக்கா மௌத்து, தெரியுமா? பதில் குரலில் வந்திருந்தது. ஒரு செக்கன். பையிலிருந்த பெட்டியை நிறுத்தினேன். போனைக் காதில் வைத்தேன்.

"ஓம்."

அவள் அழுதிருந்தாள். அந்த அரைச் செக்கனுக்குள் அதுவும் இருந்தது.

*

அவருடைய பதிவுகள் என் போனில் இருக்கின்றன. பெட்டியில் கேட்டால் அவர் சொல்ல வந்தது மட்டும் கேட்கிறது. காதில் வைத்துக் கேட்டால் அவர் வீசியெறிந்ததும் கேட்கிறது. நான் இப்போது காதில் வைத்துத்தான் கேட்கிறேன். இரண்டு தரம்.

கடைசியாக அனுப்பியது மௌத்துக்கு முதல் நாள் பின்னேரம். "சும்மா. வரக்குள்ள அந்தச் சின்ன வயரக் கொண்டு வாங்க."

அன்று பஸ்ஸில் அது என் பையில்தான் இருந்தது. யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை. வயர் என்னிடம் இருக்கிறது. அந்தச் 'சும்மா'வும்.